இடது கன்னம்

“இதுவே போதும், பிரிண்ட் போடுங்க” என்று அண்ணன் தன் போனை ஸ்டுடியோக்காரரின் மேஜைமேல் வைத்தான். தங்கை அதைப் பிடுங்கினாள்.

காலையில் அம்மா போய்விட்டாள். மூன்று மணிக்கு உடலை எடுக்கிறார்கள். அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும்.

போனில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் வழுவழுவென்று இருந்தது. இடது புருவத்தைப் பிளந்து கன்னம்வரை இறங்கும் தழும்பைக் காணோம்.

“தழும்பு எங்கே?”

“நான் என்ன பண்ணேன்? போனே சரி பண்ணிடுது. உன் பெட்டி மாதிரி இருக்கிறத அப்படியே காட்டித் தொலைக்காது.”

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது தங்கையின் தொழில். அவளுடைய கேமராவைப் பெட்டி என்பது அண்ணனின் பல வருஷக் கேலி. மற்ற நாளாயிருந்தால் அவளும் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று பற்றிக்கொண்டு வந்தது.

சரி பண்ணிவிட்டதாம்! அப்பா விட்டெறிந்த எவர்சில்வர் டம்ளர் கிழித்த இடம் அது. துண்டை வைத்து அழுத்திப் பிடித்தது எட்டு வயதில் அவள்தான். டாக்டரிடம் படியில் விழுந்ததாகச் சொன்னார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள். இந்த வீடு முப்பது வருஷமாக மூடி மறைத்ததைப் போன் ஒரு நொடியில் முடித்துக் கொடுத்துவிட்டது. இனி யாரும் வாய் திறந்து பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

ஸ்டுடியோக்காரர் தொண்டையைச் செருமினார். “பெருசா போடணும்னா கேமராவுல எடுத்தது இருந்தா நல்லதுங்க. இது மெழுகு பொம்மை மாதிரி வரும்.”

அவள் பையிலிருந்து கேமராவை எடுத்தாள். போன மாதம் ஜன்னலோரம் எடுத்த படம் அதில் இருந்தது. “இந்தப் பக்கம் எடுடி” என்று அம்மாதான் இடது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அண்ணன் குரலைத் தணித்தான். “அப்பா அங்கதான் உக்காந்திருப்பாரு. நாலு பேரு வருவாங்க. இன்னிக்குப் போய் வேணாம்மா.”

“அங்க அம்மா படுத்திருக்கா. அது உனக்குத் தெரியலையா?” ஸ்டுடியோக்காரரிடம் திரும்பினாள். “நீங்க போடுங்க.”

வீட்டில் அவளே படத்தைத் தலைமாட்டில் நிறுத்தினாள். தையல் போட்ட இடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“வேற போட்டோ இல்லையா?”

“இருக்கு. உங்க பிள்ளை போன்ல இருக்கு. அதுல அம்மா படியில விழவே இல்ல.”

அப்பா எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், படத்தின் அட்டை முதுகு மட்டும் தெரிகிற மூலையில் போட்டு உட்கார்ந்தார்.