வேட்பாளருக்கு ஒரு பொன்னாடை

சேதுராமன் போர்த்திய பொன்னாடை வேட்பாளரின் தோளில் விழாமல் தலையில் விழுந்தது. அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அவன் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, ஜரிகையில் மாட்டிய மூக்குக்கண்ணாடி துள்ளிப்போய் மேசையிலிருந்த தண்ணீர்த் தம்ளருக்குள் இறங்கியது. ஜெர்மனிக்கு அடுத்த ஜனாதிபதி ஆகக்கூடியவர் புதுப்பெண்ணைப்போல முக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு போட்ட இருவர் வந்து சேதுராமனை ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினார்கள். அந்தரத்தில் தொங்கியபடியே அவன் ஒரு கும்பிடு போடப் பார்த்தான். கைகள் தன் வசம் இல்லாததால் தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

இரண்டாம் வரிசையில் அவன் மனைவி கிரிஜா குனிந்து கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். இந்த ஆளுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று காட்டுகிற தேடல்.

2004ஆம் வருஷத்து வசந்தத்தில், கார்ல்ஸ்ரூஹே நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்த மக்கள் சந்திப்பு அது. ஐ.டி. ஆட்களுக்கென்று கொடுத்த ஐந்து வருஷ அனுமதியில் வந்தவன் சேதுராமன். அடுத்த வருஷம் அது முடிகிறது. அதற்கப்புறம் என்ன என்று மேனேஜரைக் கேட்டான், பார்க்கலாம் என்றார். விசா கொடுக்கிற இடத்தில் கேட்டான். புதுச் சட்டம் வரப்போகிறது, வந்தால் பார்க்கலாம் என்றார்கள். இங்கேயே இருந்துவிடலாம் இல்லையா என்று கிரிஜாவைக் கேட்டான். உங்க இஷ்டம் என்றாள். எல்லோரும் கைவிரித்த பிறகு, நேரே உச்சியிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டான்.

ஆனந்தராசா தடுத்துப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அந்த மண்டபத்தில் மைக், நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. இங்கே ஜனாதிபதிக்கு மக்கள் ஓட்டுப் போடுவதில்லை, எம்.பி.க்களும் மாநிலங்கள் அனுப்புகிறவர்களும்தான் போடுவார்கள் என்று விளக்கினார். அப்படியானால் மக்களைக் கூப்பிட்டு எதற்குக் கூட்டம் என்று சேதுராமன் கேட்டான்.

"தேர்தலிலை வெண்டாலும் அவருக்கு அதிகாரம் ஒண்டும் இல்லைத் தம்பி. கையெழுத்துப் போடுற ஆள், அவ்வளவுதான்."

"எனக்கும் ஒரு கையெழுத்துதானே அண்ணே வேணும்."

கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தோரணம் இல்லை, வேட்டு இல்லை, லாரியில் வந்து இறங்கியவர் ஒருவர்கூட இல்லை. கோட்டைக் கழற்றி மாட்டுவதற்கு வரிசையில் நின்றார்கள். வேட்பாளர் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். இப்படி இருந்தால் எங்கே உருப்படப்போகிறார் என்று சேதுராமன் கவலைப்பட்டான். ஒரு பெரிய மனுஷரிடம் வெறுங்கையோடு போய்க் காரியம் கேட்பது அவன் பார்த்து வளர்ந்த வழக்கமில்லை. அதனால்தான் கல்யாணத்தில் வந்து பிரிக்காமலே கிடந்த சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

வேட்பாளர் நல்ல மனுஷர். தம்ளரிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தரத்தில் தொங்கியவனைக் கீழே விடச் சொன்னார். சால்வையைத் தானே தோளில் போட்டுக்கொண்டார். மண்டபம் கைதட்டியது. என்ன கேட்க வந்தீர்கள் என்றார்.

சேதுராமனின் ஜெர்மன், டிராம் டிக்கெட்டைத் தாண்டியதில்லை. தமிழில் கேட்டான், ஆனந்தராசா மைக்கோடு வந்து ஜெர்மனில் எடுத்துச் சொன்னார். வேட்பாளர் வெகுநேரம் பேசினார். இரண்டு கைகளாலும் காற்றில் பாலம் கட்டினார், பூமி உருண்டையைப் பிடித்துக் காட்டினார்.

"என்ன அண்ணே சொல்றார்?"

"நீங்கள் வந்தது நாட்டுக்குப் பெரிய சந்தோசமாம்."

"அடுத்த வருஷம்?"

"அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

பதில் பற்றவில்லை என்பது வேட்பாளருக்கே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இங்கே இருக்க விரும்புகிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம், நாங்கள் இரண்டு பேருமே என்று சேதுராமன் மின்னலாகச் சொன்னான். உங்கள் மனைவியையும் கேட்கலாமே என்றார் அவர். மைக் இரண்டாம் வரிசைக்குப் போனது.

கிரிஜா எழுந்தாள். திருச்சியில் கல்லூரி லெக்சரராக இருந்து, நீண்ட லீவு போட்டுவிட்டு வந்தவள். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேட்பாளரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"என்னை யாராவது கேப்பாங்களான்னு நாலு வருஷமா உக்காந்திருக்கேன்."

"நான் கேட்டேனே. நீதானே உங்க இஷ்டம்னே?"

"இருந்துடலாம் இல்லையான்னு கேட்டீங்க. பதிலையும் நீங்களே சொல்லிட்டு, தலையாட்டத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

குரல் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒரு சொல்லும் புரியாத ஜெர்மன்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மையார் என்ன சொல்கிறார் என்று வேட்பாளர் ஆர்வமாக விசாரித்தார். ஆனந்தராசா தொண்டையைக் கனைத்துவிட்டு, குடும்ப விஷயம், மொழிபெயர்க்க ஏலாது என்று ஜெர்மனில் சொல்லிவிட்டார்.

சேதுராமனுக்கு எந்த இடத்திலும் ஒரு ஜோக் வந்துவிடும். இப்போது வரவில்லை.

"சரி, இப்ப கேக்கறேன்," என்றான். "உனக்கு என்ன வேணும் கிரிஜா?"

"ஜூன்ல என் லீவு முடியுது. இதுக்கு மேல நீட்ட மாட்டாங்க. கிளாஸ் நிறைய பிள்ளைங்களுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுத்தவ, இங்க பேக்கரில விரலை நீட்டி ரொட்டி வாங்கிட்டிருக்கேன். இவங்க உங்களை இருக்கச் சொன்னாலும் சரி, போகச் சொன்னாலும் சரி, நான் ஊருக்குப் போறேங்க. நீங்களும் வந்தா எனக்குச் சந்தோஷம்."