பொங்காத மாவு

சங்கமித்ராவின் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பதிலையும் அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பெற்றோரும் கூட இருந்து உதவ வேண்டும். ஆனால் யாரும் பதிலைச் சொல்லிவிடக் கூடாது, திருப்பிக் கேள்விதான் கேட்க வேண்டும் என்று ஷில்பா மிஸ் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்.

அந்த வாரத்துக் கேள்வி, இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்பது. பிள்ளையோடு சேர்ந்து வீட்டில் மாவரைத்து, வெள்ளிக்கிழமை பாத்திரத்தோடு வகுப்புக்கு வர வேண்டும்.

வியாழக்கிழமை சங்கமித்ராவின் அம்மா ஜெயலட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்துவிட்டு, அரைக்கும் பொறுப்பைக் கணவனிடம் விட்டுப் போனாள். உத்தமன் பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவன். அன்றைக்கு மேம்பாலத்தில் வண்டிகள் அப்படியே நின்றுவிட, அவன் தொம்மலூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மகள் தூங்கிவிட்டாள். அவனும் படுத்துவிட்டான். காலையில் தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் மாவு வாங்கி, வீட்டுத் தூக்கில் ஊற்றி மூடினான். அப்பா எப்போதோ எழுந்து அரைத்திருப்பார் என்று சங்கமித்ரா நினைத்துக்கொண்டாள்.

வகுப்பில் எல்லாப் பாத்திரங்களிலும் மாவு பொங்கி நின்றது. சுப்ரியா என்ற அம்மா கொண்டுவந்தது மூடியையே தள்ளிக்கொண்டிருந்தது. உத்தமனின் தூக்கில் மட்டும் மாவு அடியோடு அடியாகக் கிடந்தது. பிள்ளைகள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

"அங்கிள், உங்க மாவு ஏன் பொங்கல?" என்றான் அச்யுத்.

உத்தமனுக்குக் கூட்டத்தில் கேட்டது நல்ல வேளையாக நினைவுக்கு வந்தது.

"நீ என்ன நினைக்கிற?"

ஷில்பா மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. மற்ற பெற்றோர் அதுவரை பதிலாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது பிள்ளைகள் யோசிக்க ஆரம்பித்தார்கள். உப்புக் குறைவு என்றாள் ஒரு சிறுமி. இத்தனை பேரைப் பார்த்து மாவு பயந்திருக்கும் என்றான் ஒரு பையன். அப்படியா, எப்படித் தெரியும் என்று உத்தமன் ஒவ்வொருவரையும் கேட்டு நேரத்தை ஓட்டினான். அச்யுத் தூக்கைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறது என்றான்.

சங்கமித்ரா யோசித்தாள். கிரைண்டர் ஓடினால் கீழ்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவார், நேற்று யாரும் தட்டவில்லையே என்றாள். தூங்கினவளுக்கு அது எப்படித் தெரியும் என்று உத்தமன் கேட்டான். அவர் தட்டினால் செத்தவன்கூட எழுந்துவிடுவான் என்றாள் அவள். வகுப்பே சிரித்தது.

"அப்பா, இது கடை மாவா?"

"ஏம்மா அப்படித் தோணுது?"

"நீங்க எதுக்குமே பதில் சொல்ல மாட்டேங்கிறீங்களே, அதான்."

அதற்குமேல் உத்தமனிடம் கேள்வி இல்லை. "ஆமாம்மா. கடை மாவுதான்," என்றான். காது மடல் சூடாகிவிட்டது.

ஷில்பா மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "பர்வாகில்ல சார், இருக்கட்டும். குழந்தைங்களே கண்டுபிடிச்சிட்டாங்க இல்லையா?" என்றார் கன்னடம் கலந்து. உடனே பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி கிளம்பிவிட்டது: கடை மாவு பொங்கவே பொங்காதா? தூக்கை ஜன்னலோர வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். டியூட்டிக்கு வண்டி எடுக்கும் நேரத்தையும் மறந்து உத்தமனும் உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் மாவு எழும்பி, விளிம்பைத் தாண்டி, ஜன்னல் திட்டில் வழிந்தது. கடை ஃபிரிட்ஜ் குளிரில்தான் இத்தனை நேரம் சும்மா கிடந்திருக்கிறது என்று பிள்ளைகள் கத்திய சத்தத்தில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. எல்லோரையும்விட உரக்கக் கை தட்டியவன் உத்தமன்.

கிளம்பும்போது, அடுத்த மாதக் கூட்டத்தில் பதில் சொல்லாமல் கேள்வி கேட்பது எப்படி என்று மற்ற பெற்றோருக்கு அவன்தான் சொல்லித்தர வேண்டும் என்றார் மிஸ். அவனால் மறுக்க முடியவில்லை.

இதை ஜெயலட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினான். சங்கமித்ரா ஷூவைக் கழற்றுவதற்குள் முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். ஜெயலட்சுமி சமையல்கட்டுக்குள் போய், ஊறி ஊறிப் புளித்துப்போயிருந்த அரிசியையும் உளுந்தையும் பார்த்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கடை மாவே ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க. நைட்டுக்கு இட்லி ஊத்திக்கலாம்," என்றாள்.