படகுக்கு அடியில் ஒரு குமாஸ்தா

வங்காளத்தில், ஆற்றங்கரைக் கார்டன் ரீச்சில் இருந்த அந்தப் படகுப் பட்டறையில் மஹாதேவன் சேர்ந்தது கடுதாசி எழுத. இரும்புக் கட்டி பிடிக்க அல்ல. ஆனால் 1909 ஜூனில் தச்சு மிஸ்திரியின் கையாள் மலேரியாவில் படுத்துவிட, துரை சுற்றுமுற்றும் பார்த்தார். சும்மா இருந்த கை குமாஸ்தாவுடையது ஒன்றுதான்.

அமெரிக்காக்காரன் செய்வதுபோல மரத்தில் கூடு கட்டி, மேலே கித்தானை இழுத்துப் போர்த்திய கனூ என்கிற சிறு துடுப்புப் படகு. துர்கா பூஜைக்குள் ஒரு கிளப்புக்கு ஆறு கொடுக்கவேண்டும். மெல்லிய பலகையை வளைந்த சட்டங்களோடு சேர்க்க ஆயிரக்கணக்கில் பித்தளை ஆணி. மிஸ்திரி நிபாரண் வெளியிலிருந்து அடிப்பார். கவிழ்த்த படகுக்கு அடியில் ஒருவர் குந்திக்கொண்டு இரும்பை அண்டக் கொடுத்தால்தான் ஆணி முனை மடங்கி மரத்தைக் கவ்வும்.

மஹாதேவனுக்கு அந்த இருட்டுப் பொந்து பிடித்துப்போயிற்று. பவானிபூரில் ஒற்றை அறை, தானே பொங்கித் தின்னும் சோறு, யாரிடமும் வாய் திறக்காமலே சாய்ந்துவிடும் ஞாயிற்றுக்கிழமை. இங்கேயோ ஒரு மனிதக் குரல் விடாமல் கேட்டது. நிபாரண் வங்காளத்தில் மகளைப் பற்றிப் பேசுவார், ஆற்று வெள்ளத்தைப் பற்றிப் பேசுவார். மஹாதேவன் "நிபாரண்தா", நிபாரண் அண்ணா, என்று அரைகுறை வங்காளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பான். புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன? "ஹ்யா, ஹ்யா", ஆமாம் ஆமாம் என்று பதில் வந்ததே!

ஒரு மத்தியானம் துரை படித்துப் பார்க்கச் சொல்லியிருந்த அமெரிக்கப் படகுக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. படகைக் கட்டும் மர அச்சில், சட்டம் வரும் இடமெல்லாம் இரும்புப் பட்டை பதித்துவிட்டால் ஆணி அதில் மோதித் தானே மடங்குமாம். அடியில் ஆளே வேண்டாம். மஹாதேவன் சட்டென்று பக்கத்தைப் புரட்டினான். துரை கேட்டபோது, "புதுசா ஒண்ணும் இல்லை, சார்" என்று சொல்லிவிட்டான். பத்து நாள் அந்தப் பொய்யோடு சந்தோஷமாக இருந்தான், பாவி.

பதினோராம் நாள் துரை வந்து கத்தினார். முடிந்திருந்தது ஒன்றரைப் படகு. இப்படியே போனால் ஆர்டரைக் கைகழுவிவிட்டு மிஸ்திரியையும் அனுப்பிவிடுவாராம். நிபாரண் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மஹாதேவன் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து துரை முன்னால் விரித்தான்.

அப்புறம் வேலை பறந்தது. நிபாரண் தனியாக, பேச்சில்லாமல் அடித்தார். மஹாதேவன் மேஜைக்குத் திரும்பி, வந்த கடுதாசிகளுக்கெல்லாம் பதில் எழுதினான். பூஜைக்கு ஒரு வாரம் முந்தி வரும் மஹாளயத்துக்கு முன்பே ஆறு படகும் தயார்.

கடைசிப் படகு முடிந்த அன்று சாயங்காலம் நிபாரண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார், கையில் சணல் கயிற்றில் தொங்கிய பெரிய இலிஷ் மீனுடன்.

"உங்களாலதான் என் வேலை நிலைச்சுது, மஹாதேவ்பாபு. பத்மா ஆத்து இலிஷ், வயித்துல முட்டை இருக்கு. கடுகு அரைச்சு வைக்கச் சொல்லுங்க, பௌதி கிட்ட."

அவர் அறிந்த பிராமணர்களெல்லாம் மீன் சாப்பிடுகிறவர்கள். இந்தத் தமிழ்ப் பிராமணன் சாப்பிடமாட்டான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பௌதி, அதாவது அண்ணி, என்று அவர் சொன்ன மனைவி நாகலக்ஷ்மி பிரசவத்தில் போய்விட்டதை மஹாதேவன் படகுக்கு அடியிலிருந்து நாலைந்து தடவை சொல்லியிருக்கிறான். எல்லாம் தமிழில்.

அவன் இரண்டு கையாலும் மீனை வாங்கிக்கொண்டான்.

"சொல்றேன், நிபாரண்தா" என்றான். "அவ ரொம்ப சந்தோஷப்படுவா."