மாதிரிப் புத்தகம்

படத்தின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். மை வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அப்போதும் வரவில்லை. நல்ல அச்சுதான், அதில் சந்தேகமே இல்லை. பதினோரு நாளாக அவள் இதையேதான் செய்துகொண்டிருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் படப் புத்தகம் அச்சடிக்கிற மூன்று கம்பெனிகளின் மாதிரிப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு கீறுவதும், தேய்ப்பதும், ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும். உள்ளறையில் அக்கா மூச்சு விடுகிற சத்தம் மேஜைவரை கேட்டது. இன்று காலையிலிருந்து அந்தச் சத்தம் மாறியிருந்தது.

வீட்டில் அவளுக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. எட்டு வருஷமாகப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. தினமும் பத்துப் பேர் வாயிலிருந்து ரத்தம் வழிவதைக் கண் கொட்டாமல் பார்க்கிறவள்தான், ஆனாலும் பெயர் மாறவில்லை. மாறுகிற மாதிரி அவளும் நடந்துகொள்ளவில்லை. சின்ன வயதில் இடி இடித்தால் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வாள். இப்போது முப்பத்திரண்டு வயதாகிறது. அக்காவின் அறைக்குள் தனியாகப் போக வேண்டுமென்றால் வாசலில் நின்று ஒரு தரம் எச்சில் விழுங்கிவிட்டுத்தான் போகிறாள்.

புத்தகம் அக்கா கேட்டது. மகள் குட்டிக்காகக் கேட்டது. குட்டிக்கு ஒன்றரை வயதானபோது அக்கா படுத்தாள். இப்போது அதற்கு நாலு. நடுவில் அக்காவின் முடி போயிற்று, கன்னம் போயிற்று, குரலில் பாதி போயிற்று. பழைய படங்களைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்கிறது என்று சுவரில் இருந்ததையெல்லாம் அவளே கழற்றி அலமாரி மேல்தட்டில் வைக்கச் சொல்லிவிட்டாள். போன மாதம் ஒரு நாள் திடீரென்று மனசு மாறிற்று.

“அவளுக்கு என்னை இப்படித்தான்டி தெரியும். மொட்டத் தலையும் மூக்குல குழாயும். நான் நல்லா இருந்ததையெல்லாம் ஒரு புத்தகமாப் போட்டுடு. சுவத்துல மாட்டாத, மாட்டினா செத்தவ மாதிரி இருக்கும். கையில வச்சுப் பொரட்டற மாதிரி இருக்கணும். இருபது வருஷம் கிழியாம நிக்கணும். நான் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் அவ கையில குடுக்கணும், சொல்லிட்டேன்.”

அக்கா தையற்காரி. கிழியாது என்று கடைக்காரன் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை, தானே கிழித்துப் பார்ப்பாள். முதல் கம்பெனியின் மாதிரி வந்ததும் படுத்த வாக்கில் அட்டையை இரு கையாலும் பிடித்து, ரவிக்கைத் தையலைச் சோதிப்பது போல ஓர் இழுப்பு. புத்தகத்தின் முதுகு பிளந்து பக்கங்கள் போர்வைமேல் உதிர்ந்தன. “ஒட்டுவேலை. இவனைத் தொரத்து” என்றாள். இரண்டாவது கம்பெனி முகங்களையெல்லாம் தானாகவே வெளுப்பாக்கிப் பளபளவென்று அச்சடித்திருந்தது. “இவன் பவுடர்காரன். என் கறுப்பை எங்கடி கொண்டுபோய் வச்சுப்பான்?” என்று அதையும் தள்ளினாள். மூன்றாவது புத்தகத்தின் தாள் கனமாக இருந்தது, கண்ணைக் கூசவில்லை. விரித்தால் தட்டையாகப் படுத்தது, எந்த முகமும் நடுமடிப்புக்குள் போய் மாட்டிக்கொள்ளவில்லை. அக்கா நடுப்பக்கத்து நூலை நகத்தால் நிமிண்டினாள். இழுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“நூல்ல தைச்சிருக்கான். இவன் வேலைக்காரன். நாளைக்கே ஆர்டர் குடுத்துடு.”

அது பதினோரு நாளைக்கு முன்னால்.

அன்று அவள் அறையைவிட்டு வெளியே வரும்போதுதான் அக்கா மாமாவிடம் சொன்னது காதில் விழுந்தது. “அந்தப் புத்தகத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதுங்க. அப்புறம் நான் கெளம்பிடுவேன்.”

பயந்தாங்கொள்ளியின் மூளை எப்படி வேலை செய்யும் என்று சொல்லவும் வேண்டுமா? புத்தகம் வந்தால் அக்கா கிளம்பிவிடுவாள், சரி. வராவிட்டால்? அறுபத்துநாலு படங்களையும் வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, ஆர்டர் கொடுக்க ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. தினமும் அதன்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள். படத்தின் வெளிச்சம் போதவில்லை என்று தனக்குத்தானே ஒரு சாக்கு. அடுத்த நாள் அட்டையின் நிறத்தைப் பற்றி ஒரு சாக்கு. அக்கா கேட்டபோது, “குடுத்துட்டேன்க்கா, அச்சுல இருக்கு” என்று கூசாமல் புளுகினாள். நாலு நாளாக அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. அதற்கப்புறமும் அவள் அழுத்தவில்லை.

மாமா அறையிலிருந்து வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“நர்ஸம்மா இன்னிக்கு யாரும் எங்கயும் போகாதீங்கன்னுட்டுப் போயிருக்காங்க. நான் டாக்டரைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன். அவ புத்தகம் கேக்குறாம்மா. வந்துச்சா?”

“வந்துருச்சு மாமா.”

எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது. மாமா “நல்லவேளை” என்று அவள் தலையில் கையை வைத்துவிட்டுப் படியிறங்கினார். அவள் மேஜையில் கிடந்த நூல்காரரின் மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று எச்சில் விழுங்கப் பார்த்தாள், தொண்டை காய்ந்திருந்தது. உள்ளே போனாள்.

குட்டி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து நூல்கண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தது. அக்கா கையை நீட்டினாள். புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவினாள். நடுப்பக்கத்தை விரித்து நூலைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

“அதே தையல்தான். ஏமாத்தலை,” என்றாள். “சொல்லுடி. மொதல்லேர்ந்து சொல்லு.”

முதல் பக்கத்தில், யார் பெற்ற பெண்ணோ, கடற்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் படத்துக்காகக் கூட்டிவந்த பெண்ணாக இருக்கும். அவள் அந்த முகத்தைப் பார்த்தபடி வேறொரு படத்தைச் சொன்னாள்.

“இதுல நீ சிரிக்கிறக்கா. தலை நிறைய முடி. காத்துல பறக்குது.”

“கல்யாணத்துக்கு முந்தி எடுத்ததா?”

“ஆமாக்கா.”

குட்டி ஊர்ந்து வந்து பக்கத்தை எட்டிப் பார்த்தது. வாயைத் திறந்து இது யார் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. நாலு வயதுப் பிள்ளையின் வாயை எதைக்கொண்டு மூடுவது? குட்டி பார்த்தது. சின்னக் கையால் அந்தப் பெண்ணின் கூந்தலைத் தடவிக்கொடுத்தது. ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா பக்கத்தைப் புரட்டினாள். “இதுல?”

“இதுல நீயும் மாமாவும்.”

“அப்பாவுக்குத் தாடி!” என்று குட்டி கத்திற்று.

அக்காவின் கை நின்றது. “தாடியா? அவரு எந்தக் காலத்துலடி தாடி வச்சாரு?”

அவள் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள். “நிழல்க்கா. கன்னத்துல நிழல் விழுந்திருக்கு.”

“அப்ப பிரிண்ட் சரியில்லையா? திருப்பி அனுப்பிடு, சும்மா விடாத!”

“இல்லக்கா, இல்லக்கா. நல்ல பிரிண்ட். அச்சு அசல் நீயேதான்.”

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அதற்கப்புறம் பக்கங்களைப் புரட்டும் வேகம் குறைந்தது. முகம் தெரியாத ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை சொன்னாள், கடை திறந்த நாள், முதல் தையல் மெஷின், குட்டி வயிற்றில் இருந்தபோது எடுத்தது என்று. எல்லாம் உண்மை. ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில் இல்லை. ஓடிவிட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஓடினால் அக்கா தனியாக இருப்பாள். கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தை மூடி அக்கா குட்டியின் மடியைத் தேடிப் புத்தகத்தை வைத்தாள்.

“குட்டி, இது உனக்கு. யார் கேட்டாலும் குடுக்காத. சித்தி கேட்டாக்கூட.”

“சரிம்மா.”

அப்புறம் அக்கா பேசவில்லை. மூச்சு வரும், நிற்கும், இவள் நடுங்கிப்போய்க் குனிவாள், மறுபடி வரும். டாக்டரோடு மாமா வந்து சேர்வதற்குள் ஒரு தரம் நின்றது. இவள் குனிந்தபடியே காத்திருந்தாள். வரவில்லை.

சுடுகாட்டு வண்டி நாலு மணிக்கு என்றார்கள். மாமா வராந்தாவில் நின்று போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே வாக்கியம். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் குரல் உடைந்தது. அவள் மேஜைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். பொத்தானை அழுத்தினாள். ஒரு நொடி வேலை. இடி இடிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆறு நாளில் வந்து சேரும் என்று திரையில் எழுத்து வந்தது. அன்றே அழுத்தியிருந்தால் புத்தகம் ஐந்து நாளைக்கு முன்பே வந்திருக்கும். அப்போது அக்காவுக்குக் கண் தெரிந்தது. பாவி, பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

முன்னறையில் குட்டியின் குரல் கேட்டது. இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அம்மாளுக்கு அது கதை சொல்லிக்கொண்டிருந்தது.

“இது எங்கம்மா. பாத்தீங்களா எவ்ளோ முடி? அப்ப எங்கம்மாவுக்கு உடம்பு நல்லா இருந்துச்சு.”

அந்த அம்மாள் குட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அவள் மேஜையிலிருந்து எழுந்தாள். காலையில் பட்டதெல்லாம் ஒரு பயமா? கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“குட்டி, அதக் குடு கண்ணு.”

“மாட்டேன். அம்மா குடுக்கக் கூடாதுன்னாங்க.”

அதுவும் சரிதான். அக்காவின் கை பட்ட புத்தகம் அது ஒன்றுதான். இனி வருவதில் அக்காவின் விரல் படாது. அவள் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை விரித்தாள். கடை திறந்த நாளின் படத்தைப் பெரிதாக்கினாள். கழுத்தில் அளவு டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக, வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருக்கும் கறுத்த, திடமான பெண்.

“இங்க பாரு. இதுதான் அம்மா.”

குட்டி திரையைப் பார்த்தது. மடியில் இருந்த பக்கத்தைப் பார்த்தது. மறுபடி திரையைப் பார்த்தது.

“இல்ல,” என்றது. கொஞ்சம் கழித்து, வீட்டுக்கு வந்தவர்களை விசாரிக்கிற மரியாதையோடு, “இவங்க யாரு சித்தி?” என்று கேட்டது.

அவள் குட்டியைப் புத்தகத்தோடு சேர்த்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கடையும் டேப்பும் போய் முகம் மட்டும் திரை முழுக்க நிற்கும்வரை படத்தை விரித்தாள்.

“ரொம்பக் கோவமா இருக்காங்களே. யாரைத் திட்டறாங்க?”

“என்னைத்தான்.”

குட்டி புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க முன்னால் நகர்ந்தது.