ஏழாம் நாளுக்கு ஒரு புதுமுகம்

“உன் மாமியார் புதுமுகம் ஆகமாட்டாங்க” என்றார் ரபி ஹனானியா.

நெஹெம்யா கையில் மீன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

“ஏன் ரபி? அத்தை கல்யாணத்துக்கே வரலியே! இடுப்பு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. இன்னிக்குக் காலைலதான் வந்தாங்க. இதைவிடப் புதுசா யாரு வேணும்?”

“ஆம்பளையா இருக்கணும்ப்பா. தொழுகைக்குப் பத்துப் பேர்ல ஒருத்தரா எண்ணக்கூடிய ஆளா இருக்கணும். நம்ம வழக்கம் அது. யாரையாவது கேட்டியா?”

கேட்கவில்லை. தானாகவே முடிவு செய்துவிட்டான். பரம்பரையாக யூத நெறியில் இருப்பவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். நடுவில் வந்து சேர்ந்தவன்தான் செய்வான்.

கல்யாணம் முடிந்த வாரம் முழுக்க விருந்து. ஒவ்வொரு விருந்தும் முடியும்போது மணமக்களுக்கு ஏழு வாழ்த்து. ஆனால் அந்தக் கல்யாணச் சாப்பாட்டை அதுவரை சாப்பிடாத ஒரு புதுமுகமாவது அன்றைய பந்தியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஏழு கிடையாது, ஒன்றோடு எழுந்துவிட வேண்டியதுதான். சபாத் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாளில் மட்டும் கவலை இல்லை, அந்த நாளே புது விருந்தாளி. மற்ற நாளுக்கெல்லாம் ஆள் பிடித்தது நெஹெம்யா. இன்று கடைசி நாள். சூரியன் மறைந்தால் வாரமும் முடிந்தது, வாழ்த்தும் முடிந்தது.

மாமியார் ஸோஹரா மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரும்பு நடைவண்டி. ஒரே மகளுக்குச் சொல்லும் ஏழு வாழ்த்தையும் ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டும் என்று டாக்டரிடம் மல்லுக்கு நின்று வந்திருந்தாள்.

விஷயம் அவள் காதுக்குப் போயிற்று.

“நான் புதுமுகம் இல்லியாமா?” என்றாள். “ஆமா, பெத்து வளர்த்த முகம். பழசாத்தான் இருக்கும். விடுங்க.”

சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை.

யெருஹாம் சின்ன ஊர். ஜெபக்கூடத்துக்கு வரும் ஒருத்தர் விடாமல் கல்யாணத்தில் சாப்பிட்டாயிற்று. அடுத்த ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவர நேரமில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

மணப்பெண் அவிஷாக் அவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“யாரிவைக் கூப்பிடு.”

“யாரை?”

“நடிக்காத. நாம பேசிப் பழகின நாள்லேர்ந்து நீ சொன்ன கதையில பாதி அவன் கதைதான். ஊருக்கு வெளியே ஆலிவ் பண்ணையில பைப் ரிப்பேர் பண்றான்னு நீதானே சொன்ன?”

“அவன் வரமாட்டான் அவிஷாக். சிரிப்பான்.”

“சிரிக்கட்டுமே. சிரிச்ச முகம் ஆகாதுன்னு ரபி சொன்னாரா?”

ஹைஃபாவில் ஒரே பெஞ்சு, இரண்டுமே ஜெபக்கூடத்தை எட்டிப் பார்க்காத யூதக் குடும்பம். பன்னிரண்டு வகுப்பும் சேர்ந்தே படித்தார்கள். அப்போது இவன் பெயர் நிம்ரோத். நெறிக்கு வந்து முதல்முதலாகக் குல்லாய் வைத்துக்கொண்டு போய் நின்றபோது யாரிவ், “பழைய நிம்ரோத் திரும்பி வந்தா சொல்லி அனுப்பு” என்றான். அதற்குப் பிறகு அவனும் அழைக்கவில்லை, இவனும் அழைக்கவில்லை. அவனுக்குக் கல்யாணப் பத்திரிகை எழுதி வைத்திருந்தான். அது அனுப்பப்படாமலே மேஜையில் கிடந்தது.

போன் நீண்ட நேரம் அடித்தது.

“யாருங்க?”

“நான்தான்டா... நிம்ரோத்.”

மறுமுனையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“அவரு போய்ச் சேர்ந்துட்டதா இல்ல கேள்விப்பட்டேன்? இப்ப நெஹெம்யான்னு யாரோ பெரிய மனுஷர் இருக்காராமே?”

“அவருக்குத்தான்டா அவசரம். எனக்கு ஒரு முகம் வேணும்.”

“என்ன வேணும்?”

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான்.

“இத்தனை வருஷம் கழிச்சுப் போன் பண்ணி, மூஞ்சியக் கடன் கேக்கற ஒரே ஆள் நீதான்டா! நான் தலையிலேர்ந்து கால்வரைக்கும் சேறு.”

“அப்படியே வா.”

“உன் ரபி பாவம்.”

லைன் கட்டாயிற்று. வருகிறானா, இல்லையா? தெரியவில்லை.

“மெதுவாச் சாப்பிடுங்க!” என்று ரபி பந்தியைப் பார்த்து உத்தரவு போட்டார். “யாரும் முடிச்சுடாதீங்க!”

பத்து ஆண்கள், ஒரு பருக்கை கூஸ்கூஸை மூன்று தடவை மென்றார்கள். ஒரு மாமா ரொட்டித் துண்டை மருந்து மாத்திரை அளவுக்குக் கிள்ளிக்கொண்டிருந்தார். சூரியன் எதிர்க் குன்றின் தலையைத் தொட்டது. ஸோஹரா மகளின் கையைப் பிடித்தாள். “ஒரு வாழ்த்தே போதும்டீ” என்றாள். 

வாசலில் பிரேக் கிறீச்சிட்டது.

உள்ளே வந்தவனின் பூட்ஸ் தரையில் வரைபடம் போட்டது. யாரோ அவன் தலையில் ஒரு குல்லாயைக் கவிழ்த்தார்கள். யாரோ அவன் கையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

“இதுதானா அந்த மூஞ்சி?” என்றாள் ஸோஹரா. “லட்சணமாத்தான் இருக்கு. உக்காருப்பா!”

ரபி கிண்ணத்தில் திராட்சை ரசம் ஊற்றக் குனிந்தார்.

“ஒரு நிமிஷம்” என்றான் யாரிவ். “பொய் சொல்லி இந்த இடத்துல உக்கார மாட்டேன். நான் கல்யாணத்துக்கு வந்திருந்தேன்.”

ஜாடி பாதியில் நின்றது.

“எப்ப வந்த?” என்றான் நெஹெம்யா.

“ஸ்கூல் பசங்க குரூப்ல யாரோ பத்திரிகையப் போட்டிருந்தாங்க. பின்னாடி, ஜெனரேட்டர் பக்கத்துல நின்னேன். வாழ்த்தெல்லாம் சொல்லி முடிச்சப்புறம் சடங்குக்குக் கண்ணாடிக் கிளாஸை மிதிச்சியே, மூணாவது மிதியிலதானே உடைஞ்சுது? ஃபுட்பால்லயும் இப்படித்தான் ரபி, பந்து எங்கியோ, இவன் கால் எங்கியோ.”

யாரும் சிரிக்கவில்லை. அவிஷாக் முகத்தை மூடிக்கொண்டாள். வந்த புதுமுகமும் பழசு!

ரபி மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறுக்கு விசாரணை ஆரம்பமாயிற்று.

“மணப்பந்தலைப் பார்த்த, சரி. சாப்பிட்டியா?”

“இல்ல.”

“ரொட்டி?”

“இல்ல.”

“தட்டுல பலகாரம் நீட்டியிருப்பாங்களே?”

“ஒரு சின்னப் பொண்ணு நீட்டினா. வேண்டாம்னுட்டேன்.”

“ஒரு ஆலிவ்கூட வாயில போடல?”

“ஆலிவா? பகலெல்லாம் அதோடதான் மாரடிக்கிறேன் ரபி. அங்கயும் வந்து அதையா திங்கணும்?”

ரபி மேஜையில் ஓங்கித் தட்டினார்.

“அப்ப நீ புதுமுகம்! பந்தலைப் பார்த்ததுல முகம் பழசாயிடாது. பந்தியில உக்காந்து தின்னாத்தான் பழசு. ஊத்துங்கப்பா, சூரியன் நமக்காக நிக்காது!”

நாற்காலிகள் இரைந்தன. அந்தச் சந்தடியில் நெஹெம்யா அவன் காதோரம் குனிந்தான்.

“வந்தவன் ஏன்டா சாப்பிடாமப் போன?”

யாரிவ் ரொட்டியைப் பிய்த்தான். “கூப்பிடாத கல்யாணத்துல எப்படிடா கை நனைக்கிறது?”

நெஹெம்யா நண்பனின் சேறு காய்ந்த தோளில் கை வைத்தான். எடுக்கத் தோன்றவில்லை.

நன்றிப் பிரார்த்தனை விரைவாக முடிந்தது. வாழ்த்துகள் தொடங்கின. கிண்ணம் கைமாறிக்கொண்டே போயிற்று. முதல் வாழ்த்துக்கே ஸோஹரா நடைவண்டியைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் “ஆமென்” என்றாள், பத்து ஆண்களின் குரலையும் அமுக்கிக்கொண்டு. ஏழாவதை ரபி பாட்டாகவே பாடினார். குன்றின் மேல் மெல்லிய சிவப்பு விளிம்பு மீதி இருந்தது. தாயும் மகளும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

ஒரு பத்திரிகை போய்ச் சேர்ந்திருந்தால் யாரிவ் அன்றே விருந்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டிருப்பான். இன்று அத்தை ஒற்றை வாழ்த்தோடு எழுந்திருப்பாள். தன் தயக்கத்தைக்கூட வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்ட மேலே இருப்பவனுக்கு நெஹெம்யா மனசுக்குள் நன்றி சொன்னான். கண்ணை மூடி நின்றான்.

யாரிவ் கிளம்பினபோது வண்டிவரை கூடப் போனான்.

“வெள்ளிக்கிழமை சாப்பிட வாடா. இருட்டறதுக்குள்ள வந்துடு. சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் வண்டியத் தொட விடமாட்டேன்.”

“எதுக்கு? இனிமே நானும் பழைய முகம்டா. உனக்கு ஒண்ணுத்துக்கும் உதவமாட்டேன்.”

“அதனாலதான்டா கூப்பிடறேன்.”

யாரிவ் வண்டிச் சாவியைத் திருகினான்.

“மீனுக்குக் காரம் பத்தல” என்றான். “உன் மாமியார்கிட்ட சொல்லி வை.”