ஐந்து கோழிகளும் ஒரு மேசை விளக்கும்

1

இந்தக் கதை "மூடிடுச்சு" என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கியது. சொன்னவன் நான். தொலைபேசியின் மறுமுனையில் கேட்டவள் என் அக்கா. சொன்னபோது நான் தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது. வேறொன்று இருந்திருக்கும். கோழிகளைக் கூண்டுக்குள் அனுப்பப் படாத பாடு படும் ஒருவனைப் பற்றிய வேடிக்கைக் கதை. அன்று மாலை நான் எழுத உட்கார்ந்தது அதைத்தான். அதன் தொடக்கத்தை நான் கிழித்துப் போடவில்லை. இதோ:

மேடம் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. மற்ற நான்கும் அடைந்த பிறகு, தன் பார்வைக்கு வரவேண்டிய கோப்பு ஒன்று பாக்கி இருப்பதுபோல் முற்றத்தின் நடுவில் நின்று, ஒரு கண்ணால் வானத்தையும் மறு கண்ணால் என்னையும்

(இந்த இடத்தில்தான் தொலைபேசி அடித்தது. வாக்கியம் இன்றுவரை முடியவில்லை. முடிக்க மனமும் வரவில்லை.)

2

யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்களை மெல்ல மெல்ல உள்ளே விடுவதுதான் என் பழக்கம். இந்த முறை அதற்கு நேரமில்லை.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மதியம் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவாள். அத்தான், அவள் கணவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருடங்களாக இருக்கும் தம்பி; வயது ஐம்பத்தொன்று. ஏன் வந்தேன், எப்போது போவேன் என்று இருவரும் கேட்டதில்லை. என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: சாயங்காலம் கூண்டுக் கதவு மூடுவதற்குள் கோழிகள் உள்ளே இருக்க வேண்டும்.

"மூடினப்புறம் விடியற வரைக்கும் அது திறக்காது. வெளிய நின்னா நின்னதுதான். எண்ணிப் பாத்துட்டுச் சொல்லு," என்றாள் அக்கா, அந்தக் கதவு மாட்டிய முதல் நாளே. நாளெல்லாம் ரத்தக் குப்பிகளை எண்ணிப் பழகியவள். தினமும் இடைவேளையில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பாள். எத்தனை? மூடிடுச்சா?

ஐந்து. மேடம்*, சாம்பல், கட்டைக்கால், அப்புறம் பழுப்பு நிறத்தில் இரண்டு. அந்த இரண்டையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாததால் சேர்த்து ஒரே பெயர்: ரெட்டை.

* இந்தப் பெயரை வைத்தது அத்தான், அக்காவின் மேலதிகாரியை ஒரு முறை பார்த்துவிட்டு வந்த பிறகு. அக்கா மறுக்கவில்லை. நடையும் அதேதான் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அந்தக் கோழிக்கு மட்டும் மரியாதைப் பன்மை.

3

கதவைப் பற்றிச் சொல்லாமல் அத்தானைப் பற்றிச் சொல்ல முடியாது.

போன வருடம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து போனது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, வலது கையில் மட்டும் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நானும் அவரும் பின்வாசல் படியில் மணிக்கணக்காக ஒரு சொல்கூடப் பேசாமல் உட்கார்ந்திருப்போம். எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை. (மௌனம் பிடித்தவனுக்கு எல்லா மௌனமும் ஒன்றுபோலவே தெரியும்.)

ஒரு நாள், உடைத்துப் போட்ட காரில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதோடு ஒரு தகடு, இரண்டு அலுமினியச் சட்டம், ஒரு பேட்டரி. கூண்டின் நெற்றியில், வெளிச்சத்தை உணரும் பொட்டளவு கருவி ஒன்று. அதை அவர் 'கண்ணு' என்பார். கண்ணுக்கு இருட்டினால் தகடு இறங்கும், வெளுத்தால் ஏறும். கடிகாரம் எதுவும் கிடையாது. மேகம் போட்டால் சொல்லாமல் கொள்ளாமல் முன்னதாகவே மூடிவிடும்.

ஒயர்களை ஈயத்தால் ஒட்டும்போது, அதாவது சால்டரிங் செய்யும்போது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஈயம் வேறு எங்காவது சொட்டும். துடைத்துவிட்டு மறுபடி. பதினோரு வாரம் ஆனது. "இந்நேரத்துக்கு கோழிங்களே ஒரு கதவு பண்ணியிருக்கும்," என்று அக்கா கேலி பேசுவாள். ஆனால் வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரையும் பின்பக்கம் அழைத்துப் போய்க் காட்டியவளும் அவள்தான்.

பட்டறை முதலாளியும் வந்தார். உள்ளங்கையால் கண்ணை மறைத்தார், தகடு இறங்கியது. கையை எடுத்தார்; ஏறியது. நாலைந்து முறை செய்து பார்த்துவிட்டு, ஒன்றாம் தேதியிலிருந்து வந்துவிடுங்கள், அரை நாள் போதும், உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்றார். அன்று அத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

4

அந்த மாலை அத்தான் கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போயிருந்தார். நான் தகர டப்பாவில் மக்காச்சோளத்தைப் போட்டுக் குலுக்கினேன். சாம்பலும் கட்டைக்காலும் ரெட்டையும் ஏறிவிட்டன. மேடம் உள்ளே போனார், வெளியே வந்தார், தண்ணீர் குடித்தார், எதையோ மறந்தவர்போல் நின்றார், மறுபடி போனார். ஐந்து.

அந்த நடையை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்போல் இருந்தது. அறைக்குள் வந்தேன். சுவரைப் பார்த்துக் கிடந்த மேசையை இழுத்து ஜன்னலை ஒட்டிப் போட்டேன். மேடம் மறுபடி வெளியே தலைகாட்டினால் பார்த்து எழுதலாம் அல்லவா. இருட்டிக்கொண்டு வந்தது. கழுத்து வளையும் என் மேசை விளக்கைப் போட்டேன்.

 மேசை சுவரைப் பார்த்துக் கிடந்ததற்குக் காரணம் அக்கா. நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள். ஓரத்தில் பென்சிலால் குறிப்பாள். ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தாள்: "உன் ஆளுங்க எல்லாரும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்காங்களேடா. எழுந்து போய் ஒரு வேலையும் செய்ய மாட்டாங்களா?"

தொலைபேசி அடித்தது. எத்தனை என்றாள். அஞ்சு என்றேன், அது உண்மை. மூடிடுச்சா என்றாள்.

மூடியிருக்கும் என்றுதான் நினைத்தேன். தினமும் மூடுகிற கதவு.

5

காலையில் அக்கா என் அறைக் கதவைத் தட்டி, இங்கே வா என்று மட்டும் சொன்னாள்.

நான்கு கோழிகள் கூண்டின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக ஒடுங்கி நின்றன. வாசலில் இருந்து வேலிவரை பழுப்பு இறகுகள். வந்தது நரியோ பூனையோ, யாரும் பார்க்கவில்லை. ரெட்டையில் ஒன்று போய்விட்டது. எது போனது என்று மூவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மிஞ்சியதை ரெட்டை என்று கூப்பிட வாய் வரவில்லை.

"மூடிடுச்சுன்னு சொன்னியேடா."

"மூடிச்சுக்கா."

இது இரண்டாவது முறை. முதல் முறை சொன்னதைக் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

அத்தான் கூண்டுக்கு முன் குந்தினார். வெகுநேரம் கதவையே பார்த்தார். "அப்போ, மூடினது ராத்திரி தானா திறந்திருக்கு," என்றார்.

நான் அறைக்குத் திரும்பினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நன்றாக விடிந்துவிட்டதால் எரிவதே தெரியவில்லை. கழுத்தை வளைத்து, ஜன்னல் வழியாக, ஐந்தாறு அடி தள்ளியிருந்த கூண்டின் நெற்றியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. இரவு முழுக்கக் கண்ணுக்குப் பகல்தான்.

அணைத்தேன். மேசையைப் பழையபடி சுவரோடு தள்ளிப் போட்டேன்.

(மேலே உள்ள இரண்டு சின்ன வாக்கியங்களை எழுத எனக்கு ஒன்பது நாளானது.)

6

இதற்கு முந்தைய வரைவுகளில் அவை இல்லை. ஒன்றில் பேட்டரி தீர்ந்துபோனது. இன்னொன்றில் ஒரு நரி வந்து தகட்டை மூக்கால் நெம்பித் திறந்தது. அந்த நரியின் வாலுக்கு மட்டும் முக்கால் பக்கம் செலவழித்திருக்கிறேன். வால் நன்றாகவே வந்திருக்கிறது, அதுதான் வெட்கமாக இருக்கிறது. எல்லா வரைவிலும் எழுதுகிறவன் ஒருவன் இருந்தான். நடந்ததையெல்லாம் ஆழ்ந்த துயரத்தோடு கவனித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு விளக்கைப் போட்டது யார் என்று மட்டும் அவன் ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவனை நான் நம்புவதை நிறுத்திவிட்டேன்.

அத்தானையும் நான் சரியாக எழுதவில்லை. "என் கைகளே எனக்கு அந்நியமாகிவிட்டன" என்று ஒரு வரைவில் அவரைப் பேச விட்டிருந்தேன். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவர் செய்தது இதுதான்: தினமும் கூண்டுக்கு முன் உட்கார்ந்து உள்ளங்கையால் கண்ணை மறைப்பார். தகடு இறங்கும். கையை எடுப்பார். ஏறும். சாயங்காலமும் கதவு ஒழுங்காகத்தான் மூடியது. மூடாமல் என்ன செய்யும்? நான்தான் பொழுது சாய்ந்தால் விளக்கையே தொடுவதில்லையே.

பழுது கண்ணில் பட்டால் அவர் சரிசெய்துவிடுவார். படவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, படியில் உட்கார்ந்திருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"நாம பாக்கறப்போ நல்லா வேலை செய்யுது. பாக்காதப்போ என்ன பண்ணுதுன்னு தெரியல. அப்படி ஒரு சால்டரிங்க கொண்டுபோய் இன்னொருத்தர் வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது மாப்ள."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வழக்கமான மௌனம் என்று அவர் நினைத்திருப்பார்.

7

நாளை ஒன்றாம் தேதி.

காலையில் பட்டறைக்குப் போய், வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வரப்போகிறார். போனில் சொன்னால் ஆகாதா என்று அக்கா கேட்டதற்கு, கூப்பிட்டவர் வீடு தேடி வந்து கூப்பிட்டார், நானும் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்றாராம். சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். தேய்த்ததும் அவரேதான், இடது கையால்.

இன்று வேலைக்குக் கிளம்பும்போது அக்கா என் அறை வாசலில் நின்றாள். "நீ சொன்னா கேப்பாருடா. உங்க ரெண்டு பேருக்கும்தான் பேசாமலே எல்லாம் புரியுமே," என்றாள்.

இந்தக் காகிதங்களை அவள் மேசையில் வைத்துவிடலாம் என்பது நான் யோசித்து வைத்திருந்த முடிவு. அவள் படிப்பாள், ஓரத்தில் குறிப்பாள், அவரிடம் சொல்வாள். கதையாக நல்ல முடிவுதான். ஆனால் அதில் நான் மறுபடியும் ஜன்னலுக்குப் பின்னால்தான் இருக்கிறேன். நேரடியாகச் சொல்லும் முடிவையும் இன்று மதியம் படியில் முயன்று பார்த்தேன். "அத்தான்" என்றேன். "ம்" என்றார். மழை வரும்போல் இருக்கிறது என்றேன். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. அவர் மரியாதைக்காக அண்ணாந்து பார்த்தார்.

சொல்ல வராததைச் செய்து காட்டலாம்.

8

மேசையை மறுபடி ஜன்னலுக்கு இழுத்தாயிற்று. ஆறரை மணி. பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், பேச நேர்ந்தால் பேனாவை வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

அத்தான் வழக்கம்போல் கூண்டுக்கு முன் இருக்கிறார். மூன்று கோழிகள் உள்ளே. மேடம் வெளியே. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கிறது. விளக்கைப் போட்டுவிட்டேன்.

இந்நேரம் தகடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அத்தான் எழுந்து நிற்கிறார். கை கண்ணை நோக்கிப் போகிறது, பாதியில் நிற்கிறது. கூண்டின் மேல் தன் நிழல் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டார். பொழுது போன முற்றத்தில் யாருக்கும் நிழல் இருக்கக் கூடாது.

இடப்பக்கம் ஓர் அடி வைக்கிறார். நிழல் கண்ணின் மேல் போகிறது. மோட்டார் உறுமுகிறது. வலப்பக்கம் நகர்கிறார். பாதி இறங்கிய தகடு மேலே ஏறுகிறது. மறுபடி இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். மெக்கானிக் அல்லவா, ஒரு முறை நடந்ததை நம்ப மாட்டார்.

இப்போது திரும்புகிறார். விளக்கு கூசுகிறது, நெற்றியில் கையை வைத்து ஜன்னலைப் பார்க்கிறார். வலது கை. நடுங்குகிறது.

"அன்னைக்கும் இது எரிஞ்சுதா மாப்ள?"

"ஆமா அத்தான்."

"மூடிடுச்சுன்னு சொன்னது?"

"பாக்காம சொன்னேன்."

அவருடைய மௌனங்கள் எல்லாம் எனக்குப் பழக்கம் என்று இருந்தேன். இது எனக்குத் தெரியாத ஒன்று. மேடம் எங்கள் இருவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவசரம் எதுவும் இல்லாமல் கூண்டுப் பலகையில் ஏறுகிறார். வெளிச்சத்தை மறைக்காமல் அத்தான் ஒதுங்கி வழிவிடுகிறார்.

"மேடம் உள்ள போயிட்டாங்க. விளக்க அணை. கதவு மூடட்டும்."

தொலைபேசி அடிக்கிறது. அக்கா.

வாசகரே, இந்த விளக்கு எரியும்வரைதான் என்னால் எழுத முடியும். எரியும்வரை அந்தக் கதவு மூடாது. நாளைக் காலை அத்தான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் பட்டறையில் என்ன சொல்வார், இந்தப் பின்னறையைப் பற்றி அக்கா என்ன சொல்வாள் என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: நான்கு கோழிகள், நான்கும் உள்ளே, எண்ணிவிட்டேன். தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கட்டும். விளக்கை அணைத்துவிட்டு, எழுந்து வெளியே போய், தகடு அடிவரை இறங்குவதை அவர் பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு