கூலரோடு ஒட்டிவந்தது

“உனக்குக் கை நடுங்கவே நடுங்காதாடி?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள். அவள் உள்ளங்கையில் ஏறிய கண்ணாடிச் சில்லை நான் ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடுங்குவதெல்லாம் தொண்டைதான். எழுந்து நின்று வாசி என்றால் அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான்.

அக்கா நேர்மாறு. அவள் வாயை வாடகைக்கு விட்டால் மாடி கட்டலாம் என்பாள் அம்மா. வீடியோ வெட்டி ஒட்டுவது அவள் வேலை. வெளியூர் ஸ்டுடியோ ஒன்று மாதிரிக்கு ஒரு படம் கேட்டிருந்தது. அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் அவள் அங்கேயே போய்விடுவாள். கம்ப்யூட்டரோ, படம் முடியும் நேரமாகப் பார்த்துச் சூடேறி அணைந்துவிடும். அதற்காக அதன் உள்ளே மாட்டுகிற பெரிய கூலர் ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

அவள் போய்விட்டால் கடைக்காரரிடம் எனக்காக யார் பேசுவார்கள்? வீட்டுக்கு வருகிறவர்களிடம் “அவ அப்படித்தான், விடுங்க” என்று யார் சொல்வார்கள்?

கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்துத் திறந்தோம். அக்கா திருகுகளைக் கழற்றிய வேகத்தில் பழைய ஃபேனைப் பிடித்து மேலே இழுத்தாள். சூடு கடத்துவதற்காக அடியில் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து கல்லாகியிருந்தது. டொக்கென்று ஃபேன் வந்தது. கூடவே கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரும் ஒட்டியபடி பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன் அடியில் மயிரிழை போல நின்ற கால்களில் ஒரு ஓரம் படுத்துக் கிடந்தது.

“போச்சு. எல்லாம் போச்சுடி.”

அம்மா எட்டிப் பார்த்தாள். “ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?”

“இப்ப பழமொழி சொன்னேன்னா ஜன்னல் வழியா குதிச்சிடுவேன்மா.”

“கீழ்வீடுதானே, குதி.”

நான் ஹேர் டிரையரால் சூடு காட்டி மெல்லத் திருகினேன். ப்ராசஸர் ஃபேனிலிருந்து பிரிந்தது. என் பழைய பள்ளிப் பையில் ஒரு லெட் பென்சில் கிடந்தது. லெட்டை உருவிவிட்டால் அதன் மூக்கு வெறும் குழாய். வளைந்த கால் ஒவ்வொன்றிலும் அதை மாட்டி நிமிர்த்த ஆரம்பித்தேன்.

அக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், நகத்தைக் கடித்தாள். “முடியுமாடி? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, ஊமை! யாருக்காவது போன் போடட்டுமா? ஏதாவது சொல்லேன்!”

கடைசிக் கால் மடங்கியே போயிருந்தது. கொஞ்சம் அழுத்தினால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். படம் போகாது. அக்கா இங்கேயே இருப்பாள். பென்சில் அந்தக் காலின் மேல் அப்படியே நின்றது.

“சரி, விடு,” என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கி நான் கேட்டதேயில்லை. “உன்னால முடியலன்னா யாராலயும் முடியாது.”

“வாயை மூடுக்கா,” என்றேன்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். ப்ராசஸர் தன் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அதன்மேல் மிளகளவு புது பேஸ்ட் வைத்தேன். புதுக் கூலரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்து, நேராக இறக்கி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். ஃபேன் வயரைச் செருகியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

ஃபேன் சுற்றியது. பழையதைப் போலக் கத்தவில்லை. சுற்றுகிறதா என்று அம்மா குனிந்து பார்த்தாள். படம் இடையில் நிற்காமல் முடிந்து, பொழுது சாயுமுன் போய்ச் சேர்ந்தது. சாப்பிட உட்காரும்போது பதில் வந்தது: உடனே வா.

மறுநாள் காலை அக்கா பையோடு வாசலில் நின்றாள்.

“அவகிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போயேண்டி,” என்றாள் அம்மா.

அக்கா என் கையைப் பிடித்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அதையே பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.